சமக்குறிக்குக் கீழே எழுதாத வரி

போன வாரம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருடம் என்னிடம் வேலை பார்த்தவள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் நான் முப்பத்தொரு வருடம் இருந்த அதே பரிசோதனைக் கூடத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. சாதாரணமாக நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுவாள். அன்றைக்குக் குரலில் ஒரு குஷி இருந்தது.

"மேடம், புதுசா கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் போட்டிருக்காங்க. சூளைக் கணக்கெல்லாம் அதுக்குள்ள போவுது. லோடு கெட்டுப் போனா காரணம் என்னன்னு அதுவே எழுதிக் குடுத்துடுது."

"காரணம்னா எழுதுது?"

"ஆமாம் மேடம், தனியா ஒரு கட்டமே இருக்குது. மேல 'காரணம்'னு போட்டிருக்கு. நேத்து ஒரு லோடுக்கு 'அதிக வெப்பம்'னு வந்துச்சு. தீயில நின்னவருகிட்ட விளக்கம் கேக்கப் போறாங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போடணும்."

"போடாத!"

நான் கத்திய கத்தலில் அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். நித்யா பயந்துவிட்டாள். "ஏன் மேடம் இப்படிக் கத்துறீங்க?" என்றாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது அந்தத் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் அன்று வந்தது அவள் மேல் வந்த கோபம் இல்லை. பழைய மண்துண்டு ஒன்றையும் புது மண்துண்டு ஒன்றையும் ஒரே அடுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார், அதற்கு அப்புறம் கையெழுத்தைப் பற்றி யோசி என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்ல முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் சேத்தியாத்தோப்பு. பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. அந்த முதல் வகுப்பை நான் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று போனால், பரிசோதனைக் கூடத்தில் ஓர் ஒல்லியான மனிதர், காதில் சிவப்புப் பென்சில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தோணிசாமி சார். கூடத்தின் தலைமை அவர். என் சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு சிலேட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"ஓம் விதி எழுதுங்க."

V = IR என்று எழுதினேன்.

"அதையே ரெசிஸ்டன்ஸுக்கு மாத்தி எழுதுங்க."

R = V/I. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இப்ப நான் வோல்டேஜை ரெண்டு மடங்கா ஏத்துறேன். ரெசிஸ்டன்ஸ் என்னங்க ஆகும்?"

மேலே இருப்பது இரண்டு மடங்கானால் விடையும் இரண்டு மடங்கு. "ரெண்டு மடங்காகும் சார்" என்றேன், கண்ணை மூடிக்கொண்டு.

அவர் சிரிக்கவில்லை. "கம்பி பாவம்ங்க. நீங்க வோல்டேஜை ஏத்துனது அதுக்குத் தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு இருக்குது. கரண்டுதான் கூடுது" என்றார். எனக்கு முகம் காது வரைக்கும் சூடாகிவிட்டது. வேலை போச்சு என்று எழுந்தேன். திங்கள்கிழமை வரச் சொன்னார். தப்பு செய்ததும் முகம் சிவக்கிற ஆள்தான் எனக்கு வேண்டும் என்று நினைத்து எடுத்தேன் என்று பல வருடம் கழித்துச் சொன்னார். அவர் நினைத்த அளவுக்கு நான் நல்ல ஆள் இல்லை என்பது இதை முழுக்கப் படித்தால் தெரியும்.

எங்கள் தொழிற்சாலையில் முக்கியமாகச் செய்தது பீங்கான் ஃப்யூஸ் கட்டை. வீட்டில் மெயின் போர்டில் வெள்ளையாக இருக்குமே, அது. மண்கலவையை அச்சில் அழுத்தி எடுத்து, காயவைத்து, பளபளப்புப் பூச்சு கொடுத்துச் சூளையில் சுடுவது. சுடும்போது பீங்கான் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் பித்தளைத் தகடும் திருகும் ஓட்டைக்குள் சரியாக உட்காரும். பரிசோதனைக் கூடத்துக்கு வேலையே அந்தச் சுருக்கத்தைப் பிடித்துவைப்பதுதான்.

அந்தோணிசாமி சார் யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டீ கொண்டுவருபவரிடமும் "வாங்க, வெச்சிட்டுப் போங்க"தான். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம். எந்தச் சமன்பாட்டை நாங்கள் கண்டுபிடித்துச் சுவரில் ஒட்டினாலும், அதன் கீழே தமிழில் ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும். இதில் எது எதைச் செய்கிறது, வேறு எதுவெல்லாம் அதையே செய்யக்கூடும் என்று. அதற்குக் கூடத்தில் கீழ்வரி என்று பெயர். கீழ்வரி இல்லாத தாளைச் சுவரில் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் கழற்றி எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போவார். கேட்டால், "யாரு யாரைத் தள்ளுறாங்கன்னு எழுதலையேங்க" என்பார்.

சமக்குறி என்பது தராசு முள் மாதிரி, இந்தத் தட்டும் அந்தத் தட்டும் ஒன்று என்று மட்டும்தான் சொல்லும், யார் எடையை வைத்தது என்று அதற்குத் தெரியாது என்பது அவர் கட்சி. என் கட்சி வேறு. இயற்பியல் என்றால் சமன்பாடு. சமன்பாடு சரியாக இருந்தால் எல்லாம் அதற்குள் இருக்கிறது. கீழே தமிழில் வாக்கியம் எழுதுவதெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி எனக்குப் பட்டது.

ஒருமுறை அவரை மடக்கிவிட்டதாகவே நினைத்தேன். சூளை ஆறுகிற வேகத்துக்கு ஒரு சமன்பாடு உண்டு. வெளியே இருக்கும் சூட்டுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகமாக ஆறும். "சார், இதுல நேரம் இருக்குதே. சூளை ஆறிக்கிட்டேதான் போவும், தானா திரும்பச் சூடாவாது. அப்ப இந்தச் சமன்பாட்டுக்குள்ள திசை இருக்குது. காரணம் முன்னாடி, விளைவு பின்னாடி. இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நல்லாச் சொன்னீங்க. முந்தி எது, பிந்தி எதுன்னு இது சொல்லுது. ஒத்துக்கிறேன். ஆனா காலைல நம்ம சங்கு ஊதுது. ஊதி அஞ்சு நிமிசத்துல உங்க பஸ்ஸு வருது. தினம் அப்படித்தான். சங்கா உங்க பஸ்ஸை இழுத்துக்கிட்டு வருது?"

"அதெப்படிங்க சார்..."

"சங்கை நிறுத்திப் பாருங்க. பஸ்ஸு வந்துரும். பஸ்ஸை நிறுத்திப் பாருங்க. சங்கு ஊதிரும். அப்பத்தான் ரெண்டுக்கும் சம்பந்தமில்லன்னு தெரியும். கையை வெச்சு ஒண்ணை மாத்திப் பாக்காம யாரு தள்ளுறாங்கன்னு தெரியாதுங்க. தாள்ல கெடைக்காது."

இப்போது இதை எழுதும்போது ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது. அன்றைக்கு நான், சரி சார் என்று தலையாட்டிவிட்டு, மனசுக்குள் பஸ்ஸாவது சங்காவது என்று சொல்லிக்கொண்டேன்.

அளவு வளையம் என்று ஒன்று உண்டு. உள்ளங்கை அகலத்தில் மண்ணால் செய்த வளையம். சூளையில் கட்டைகளோடு அதையும் வைத்துச் சுடுவோம். சூளை ஆறியதும் எடுத்து, முள் வைத்த ஒரு பித்தளைக் கருவியில் பொருத்தினால், எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று முள் காட்டும். எவ்வளவு சுருங்கியதோ அதை வைத்து எவ்வளவு சூடு பட்டது என்று கண்டுபிடிப்போம். இந்த வளையங்கள் வெளியிலிருந்து டப்பாவில் வரும். வந்தால் வரும், வராவிட்டால் மாதக்கணக்கில் வராது. அப்போதெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஃப்யூஸ் கட்டைக்குக் கலக்கும் அதே மண்ணில் நாமே வளையம் அச்சடித்தால் என்ன? அச்சடித்தேன். கூடத்தில் இருந்த சின்ன மின் அடுப்பில் ஒவ்வொரு சூட்டிலும் ஐந்தைந்தாக வைத்துச் சுட்டுப் பார்த்தேன். இரண்டு மாதம் அதே வேலை. கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தால் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் விழுந்தது. பத்து டிகிரிக்கு முள் ஒரு கோடு நகரும். கட்டைக்குச் சரியான சூட்டில் முள் இருபத்தேழில் நிற்கும். சமன்பாடு அவ்வளவு அழகாக வந்தது. மேனேஜர் எல்லோர் எதிரிலும் பாராட்டினார். நான் அந்தத் தாளை எடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

அந்தோணிசாமி சார் ஓய்வு பெற அப்போது ஒரு மாதம்கூட இல்லை. தாளின் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். பிறகு, "கீழ்வரி?" என்றார்.

"அது பாத்தாலே தெரியுதே சார். சூடு ஏறுனா வளையம் சுருங்குது."

"தெரியுதுன்னா எழுதுறதுக்கு என்ன கஷ்டம்ங்க?"

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. போகிற மனிதர் என்பதாலோ என்னவோ, அந்த ஒரு தாளை மட்டும் அவர் கழற்றாமல் விட்டுவிட்டார். கடைசி நாளில் என் கையில் அந்தச் சிவப்புப் பென்சிலைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை மேசை டிராயரில் போட்டேன். அதே டிராயரில் முதல் முதலில் அச்சடித்த வளையங்கள் நாலைந்து சுடாமல் கிடந்தன, ஞாபகத்துக்கு என்று வைத்தவை.

இரண்டு வருடம் என் வளையம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதற்குப் பிறகு வந்த ஒரு கோடையில்தான் அது நடந்தது.

சூளையில் தீ பார்த்தவர் கலியபெருமாள். கம்மாபுரம் பக்கத்து ஆள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், லேபில் இருப்பவள் என்பதால் அவர் என்னை லேப்பம்மா என்பார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய்விட்டது, சூளை ஒன்றுதான் மிச்சம். சூளைச் சுவரில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் கண்ணை வைத்துத் தீயின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லுவார். சூளையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கருவியின் முள்ளோடு ஒப்பிட்டால் ஐந்து பத்து டிகிரிக்குள் இருக்கும். அவருக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. "முள்ளு தூங்கிடும் லேப்பம்மா, கண்ணு தூங்காது" என்பார்.

அந்தக் கோடையில் அடுத்தடுத்து மூன்று லோடு கெட்டுப்போனது. கட்டைகள் சிறுத்துவிட்டன. திருகு உள்ளே போகவில்லை. வளையத்தை எடுத்து வைத்தேன். முள் முப்பத்தொன்றில் நின்றது. மூன்று தடவையும் முப்பத்தொன்று. நாலு கோடு அதிகம், அப்படியென்றால் நாற்பது டிகிரி அதிகம். என் கையில் கணக்கு இருந்தது, எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. நேராகச் சூளைக்குப் போனேன்.

"என்னண்ணே, சீக்கிரம் முடிச்சிட்டுப் போவணும்னு தீயை ஏத்துறீங்களா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "யம்மா, இருபது வருசமா நிக்கிறேன். எப்பவும் நிறுத்துற எடத்துலதான் நிறுத்துனேன். தெர்மோகப்பிளும் அதையேதான காட்டுது? எழுதி வெச்சிருக்கேன், பாருங்க."

"தெர்மோகப்பிள் பழசாச்சு. பழசானா கம்மியாத்தான் காட்டும். வளையம் பொய் சொல்லாது."

அவர் ஒரு கட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்தப் பூச்சைப் பாருங்க. நாப்பது டிகிரி கூட ஏறியிருந்தா வழிஞ்சு ஓடியிருக்கும்ல? கண்ணாடி கணக்கா நிக்கிது. கட்டை சிறுத்திருக்குது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா சூடு ஏத்துனது நான் இல்லம்மா. ஏன் சுருங்குனன்னு வளையத்தையே கேளுங்க."

பூச்சு வழியவில்லைதான். நான் பார்த்தேன். பார்த்தும் அதைக் கையில் வாங்கவில்லை. படித்தவளிடம் வாதம் பண்ணுகிறாரே என்ற எண்ணம்தான் அப்போது எனக்குள் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உள்ளதை எழுத வேண்டும்.

மேனேஜர் அறிக்கை கேட்டார். ஒரு பக்கம் எழுதினேன். வளையத்தின் சுருக்கம் முப்பத்தொன்று, ஆகவே சூளையின் வெப்பம் நாற்பது டிகிரி அதிகம், ஆகவே தீ பார்ப்பவரின் கவனக்குறைவு. இரண்டு ஆகவே. முதல் ஆகவே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டதில் வந்தது. சூட்டிலிருந்து சுருக்கத்துக்கு நான் போட்ட கோட்டில், சுருக்கத்திலிருந்து சூட்டுக்கு நடந்து வந்தேன். கணக்குக்கு இரண்டு திசையும் ஒன்றுதான், அது தடுக்கவில்லை. நேர்முகத் தேர்வில் சிலேட்டில் செய்த அதே தப்பு. அன்றைக்குக் கம்பி பாவம். இன்றைக்கு ஒரு மனிதர். இரண்டாவது ஆகவே எங்கிருந்து வந்தது என்றால், என் தலைக்கனத்திலிருந்து வந்தது. அதற்குச் சமன்பாட்டைக் குறை சொல்ல முடியாது.

கலியபெருமாளைக் கூப்பிட்டு, கண் பார்வை குறைந்துவிட்டது போலிருக்கிறது, இனிமேல் சூளைப் பக்கம் வேண்டாம், மண் களத்தில் மூட்டை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார். "லேப்பம்மா சொல்றாங்களா, என் கண்ணு போச்சுன்னு?" என்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு, "கணக்கு அப்படித்தாண்ணே வருது" என்றேன். களத்துக்கு அவர் போகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார், மறுநாள் வேறு யாரோ வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர் இடத்துக்குப் புது ஆள் வந்தார். முதல் லோடிலேயே வளையம் முப்பத்தொன்று. இவரும் சூட்டை ஏற்றுகிறாரா என்று ஒரு கணம் நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்னவென்று சொல்ல! சரி, வளையத்துக்குத் தகுந்தபடி நாமே குறைத்துவிடலாம் என்று, வழக்கத்தைவிட நாற்பது டிகிரி முன்னாலேயே தீயை நிறுத்தச் சொன்னேன். வளையம் சமர்த்தாக இருபத்தேழு காட்டியது. கட்டையின் அளவும் சரியாக வந்தது. அப்பாடா என்று இருந்தது. வழக்கப்படி ஒரு கட்டையை உடைத்துச் சிவப்பு மையில் போட்டேன். நன்றாக வெந்த பீங்கான் மையைக் குடிக்காது, துடைத்தால் வெள்ளையாக இருக்கும். மறுநாள் எடுத்துத் துடைத்தால் உள்ளே வரை சிவப்பு. வேகவே இல்லை. பச்சை மண்.

வளையம் சரி என்கிறது, மை வேகவில்லை என்கிறது. அந்தச் சிவப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே என் மேசைக்குப் போனேன். டிராயரைத் திறந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அச்சடித்த வளையம் ஒன்று, இந்த வாரம் அச்சடித்தது ஒன்று. இரண்டையும் மின் அடுப்பில் ஒட்டினாற்போல வைத்து, ஒரே தீயில், சரியான சூட்டில் சுட்டேன். காலையில் வைத்து, மறுநாள் காலையில் எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் வேலை. பழையது இருபத்தேழு. புதியது முப்பத்தொன்று.

பித்தளைக் கருவியில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். எத்தனை தடவை வைத்தாலும் அதேதான். தீ ஒன்றுதான். மாறியது மண்.

அச்சுக் கூடத்துக்கு ஓடினேன். அங்கே கலவை போடுகிற செங்கேணி அக்காவிடம், "அக்கா, கலவையில ஏதாவது மாத்துனீங்களா?" என்றேன்.

"நாங்க என்னாம்மா மாத்தப் போறோம்? நீங்கதான் கத்திரி வெயில் ஆரம்பத்துல வந்து ஒரு சொம்பு தண்ணி கூட ஊத்தச் சொன்னீங்க. கட்டை காயறப்ப ஓரம் வெடிக்கிதுன்னு நான் சொன்னதுக்கு. அதுலேருந்து ஊத்திக்கிட்டுதான் வரோம். அப்புறம் ஒண்ணு கூட வெடிக்கல, நல்ல யோசனைதான்."

அடக் கடவுளே. சொன்னேன்தான். நடந்துபோகிற போக்கில் சொன்னது. பதிவேட்டில்கூட எழுதவில்லை. தண்ணீர் கூடினால் மண் நெருக்கமாக அடையாது. காயும்போதே கூடுதலாகச் சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும். கட்டையும் அதே மண், வளையமும் அதே மண். இரண்டும் சேர்ந்து சுருங்கின. என் சமன்பாட்டில் சூடு இருந்தது, சுருக்கம் இருந்தது. தண்ணீர் இல்லை, சொம்பு இல்லை, நான் இல்லை. அந்தக் கீழ்வரியை எழுத உட்கார்ந்திருந்தால், வேறு எதுவெல்லாம் வளையத்தைச் சுருக்கக்கூடும் என்று எழுதியாக வேண்டும். மண்ணின் ஈரம் என்பது அதில் முதல் சொல்லாக வந்திருக்கும். இரண்டு நிமிட வேலை.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். "தண்ணியைக் குறைச்சாச்சுல்ல? லோடு சரியாயிடும்ல? அப்புறம் என்ன? போனவரு போயிட்டாரு, விடுங்க மேடம். இதைக் கிளறுனா உங்களுக்கும் எனக்கும்தான் தலைவலி" என்றார். நான் விட்டுவிட்டேன். இதற்கு அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. விடுங்கள் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் உண்மை. சுவரில் இருந்த தாளில் அன்றே சிவப்புப் பென்சிலால் கீழ்வரியை எழுதினேன். அதற்குப் பிறகு என் கூடத்தில் கீழ்வரி இல்லாமல் ஒரு தாள் ஏறியதில்லை. நித்யா, நீ என்னைக் கிண்டல் செய்வாயே, மேடத்துக்குக் கீழ்வரிப் பைத்தியம் என்று.

கலியபெருமாளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். கம்மாபுரம் பக்கம் அவர் இருந்த தெருவையே சுரங்கத்துக்காகக் காலி செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கே போனார் என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அது கொஞ்ச நாளைக்குத்தான் உண்மை. அடுத்த வருடம் சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஒரு நெல் ஆலையின் வாசலில், நாற்காலி போட்டு வாட்ச்மேன் சட்டையோடு அவர் உட்கார்ந்திருப்பதை பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டேன். அதிலிருந்து தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்ப்பேன். அந்த இடம் வரும்போது எதிர்ப் பக்கத்து ஜன்னலில் உட்கார இடம் தேடுவேன்.

நானாக இறங்கிப் போனேன் என்று எழுத ஆசைதான். இறங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் பஸ் அந்த ஆலைக்கு நேரே பஞ்சர் ஆனது. கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். இறங்கி நிமிர்ந்தால் பத்தடியில் கலியபெருமாள் நிற்கிறார்.

"அட, லேப்பம்மா! வாங்க வாங்க. இப்படி உக்காருங்க" என்று தன் நாற்காலியைத் தட்டிப் போட்டார். ஆள் இளைத்திருந்தார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். என்ன பேசுவது என்று தெரியாமல், ஆலைக்குள் புகைபோக்கியைக் காட்டி, "இங்க பாய்லர் இருக்குதே, நீங்க அதைப் பாக்கலாமேண்ணே?" என்றேன்.

"மொதலாளி அதுக்குத்தான் கூப்பிட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன். தெரியாத கண்ணை வெச்சுக்கிட்டுத் தீயில போய் நின்னு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சின்னா? அங்க கெட்ட பேரு வாங்குனது போதும். கேட்டு வேலைன்னா யாரு வராங்க, யாரு போறாங்கன்னு பாத்தா போதும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க மேல மொதல்ல கோவந்தாம்மா. பொய்யி சொல்லக் கூடாது. வூட்டுல சோறு எறங்கல. அப்புறம் யோசிச்சேன். படிச்சவங்க, கணக்குப் போட்டுச் சொல்றாங்க. கணக்கு எப்படித் தப்பாவும்? கண்ணுதான் எனக்குத் தெரியாமலே போயிருக்குது" என்றார்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். சொம்புத் தண்ணீரைச் சொன்னேன். இரண்டு வளையத்தை ஒரே தீயில் வைத்ததைச் சொன்னேன். பூச்சு வழியவில்லை என்று நீங்கள் காட்டியது சரி, தெர்மோகப்பிள் சரி, உங்கள் கண் சரி, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அழுகை வந்தது. ரோட்டில் நின்றுகொண்டு அழுதேன்.

அவர், "எப்பத் தெரிஞ்சுது?" என்றார்.

நேற்றுத்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "நீங்க போன ரெண்டாவது மாசம்ண்ணே."

"நாலு வருசம் ஆவுதும்மா."

"ஆமாம்ண்ணே."

"நாலு வருசமா இந்தக் கண்ணைத் திட்டிக்கிட்டு இருக்கேன்." திட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஒரு விவரம் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு பஸ்ஸைப் பார்த்தார். "இந்தப் பஸ்ஸுலதான் தினம் போறீங்களா?"

"ஆமாம்."

அவர் தலையை ஆட்டினார். டிரைவர் ஹாரன் அடித்தார். "பஸ்ஸு கெளம்புது. ஏறுங்க" என்றார். ஏறினேன். அன்றைக்கு அவர் பக்கத்து ஜன்னலிலேயே உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை அந்த நாற்காலி ரோட்டுக்கு முதுகைக் காட்டி, ஆலையின் உள்பக்கம் பார்த்துப் போட்டிருந்தது. அவர் அதில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் நான் போய் வந்த நாளெல்லாம் நாற்காலி அப்படியேதான் இருந்தது. பாய்லர் தீயைப் பார்க்கத் திருப்பிப் போட்டாரா, என் பஸ்ஸைப் பார்க்காமல் இருக்கத் திருப்பிப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. இறங்கிப் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் இறங்கவில்லை.